பேக்கேஜ் ஸ்கிரிப்ட்டில் வெறும் ஷெல் எழுதுவதை விடுங்கள்

"இன்னுமா ஷெல் ஸ்கிரிப்ட்? எல்லாவற்றையும் பைத்தானுக்கு மாற்றுங்கள்" என்று யாராவது எழுதுவதும் கீழே வரிசையாக ஆமாம் போடுவதும் அடிக்கடி கண்ணில் படுகிறது. சாஃப்ட்வேர் பேக்கேஜ் கட்டுவதையே வேலையாகச் செய்கிற எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஷெல் என்பது கம்ப்யூட்டருக்குக் கட்டளைகளை வரிவரியாகக் கொடுக்கும் மொழி. பேக்கேஜ் கட்டுவது என்றால் என்ன? சோர்ஸ் கோடைப் பிரி, பேட்ச் (திருத்தம்) போடு, மெஷினுக்கு ஏற்ப அமைக்கும் கன்ஃபிகர் ஓட்டு, கம்பைல் செய்யும் மேக் ஓட்டு, வந்ததை உரிய இடத்தில் கொண்டுபோய் வை. எல்லாமே வேறொரு புரோகிராமைக் கூப்பிடுகிற வேலை, அதற்கு ஷெல்லைவிடத் தோதான மொழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் வெறும் ஷெல்லில் எழுதக் கூடாது. பெயர் வைத்த சின்னச் சின்ன ஹெல்பர்கள் (ஒரு வேலையைச் செய்யும் துணைக் கட்டளைகள்) வேண்டும், அதில் ஒன்று தோற்றால் பில்ட் (பேக்கேஜ் கட்டும் ஓட்டம்) அந்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

ஒரு நிறுவனத்தின் பில்ட் ஸ்கிரிப்ட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி சிடி (ஃபோல்டர் மாறும் கட்டளை) போட்டு பில்ட் ஃபோல்டருக்குள் போகிறது, அடுத்த வரி ஆர்எம் -ஆர்எஃப் போட்டு அங்கே இருப்பதையெல்லாம் அழிக்கிறது. ஃபோல்டர் பெயரோடு வெர்ஷன் எண்ணும் ஒட்டியிருக்கிறது. வெர்ஷன் மாறிய அன்று அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை, சிடி தோற்றது, எரர் ஒரு வரி திரையில் ஓடி மறைந்தது, ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய், நின்ற இடத்தில் இருந்த சோர்ஸ் முழுவதையும் துடைத்துவிட்டது. கடைசியில் வெளியே வந்த ஸ்டேட்டஸ் பூஜ்யம், அதாவது எல்லாம் நல்லபடி முடிந்தது என்று அர்த்தம்.

இது அந்த ஒரு இடத்தில் மட்டும் நடப்பதில்லை. 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் (கேம் விற்கும் தளம்) கிளையண்டின் ஸ்கிரிப்ட் பயனரின் கோப்புகளையே அழித்துவிட்டதாகப் பெரிய பேச்சு எழுந்ததே, அதிலும் இதே சங்கதிதான்: தான் இருக்கும் ஃபோல்டரை ஒரு சிடி வைத்துக் கண்டுபிடித்து மாறியில் (வேரியபிளில்) போடுகிறது, சிடி தோற்றால் மாறி காலியாகிவிடும், பிறகு அந்தக் காலி மாறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு அழிக்கச் சொன்னால் எல்லா ஃபோல்டருக்கும் மேலான ரூட்டிலிருந்தே ஆரம்பிக்கும். 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் கிராஃபிக்ஸ் திட்டத்தின் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில் நடுவே ஒரு ஸ்பேஸ் கூடுதலாக விழுந்ததால் புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுவதும் போனது. இவற்றைக் காட்டித்தான் ஷெல்லே ஆபத்து என்கிறார்கள். நான் இதில் பார்ப்பது வேறு. அழிப்பதற்கென்று ஒரு ஹெல்பர் இருந்து, காலி மாறி வந்தால் "மாட்டேன்" என்று அது நின்றிருந்தால் ஸ்டீம் கதை நடந்தே இருக்காது.

இதை ஒழுங்காகச் செய்து காட்டியவர்கள், பெரும்பாலும் சோர்ஸிலிருந்தே பேக்கேஜ் கட்டிக்கொள்ளும் ஜென்டூ லினக்ஸ்காரர்கள். அங்கே ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஈபில்ட் என்று ஒரு கோப்பு, அது பேஷ் ஷெல்லில்தான் எழுதப்படுகிறது. பிரிப்பது, பேட்ச் போடுவது, கன்ஃபிகர், கம்பைல், இன்ஸ்டால் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு ஃபங்ஷன். உள்ளே கன்ஃபிகர் ஓட்ட ஈகான்ஃப், மேக் ஓட்ட ஈமேக், கோப்புகளை வைக்க டூபின், டூஇன்ஸ், பேட்ச் போட ஈஅப்ளை என்று ஹெல்பர்கள். ஈகான்ஃப் என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும், யூஎஸ்ஆர்தான் பிரிஃபிக்ஸ் (எல்லாம் போய்ச் சேரும் தலை ஃபோல்டர்), செட்டிங் கோப்புகள் ஈடிசிக்குள், மேன் (உதவிப்) பக்கங்கள் இன்ன இடத்தில், இந்த மெஷினில் லைப்ரரி லிப்64-க்குள் போக வேண்டும் என்று எல்லாவற்றையும் அதுவே கன்ஃபிகருக்குச் சொல்லிவிடும். யாரோ ஒருவர் எங்கோ பட்ட கஷ்டத்துக்குக் கிடைத்த தீர்வு அந்த ஒரு சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மேக் ஓடும்போது முழுக் கட்டளையும் லாகில் (ஓட்டப் பதிவில்) தெரிய வேண்டும் என்று முடிவு செய்தபோது அதற்கான ஆப்ஷனை ஈகான்ஃபிலேயே சேர்த்தார்கள், ஒவ்வொரு ஈபில்டாகத் திறந்து எழுதவில்லை. கன்ஃபிகருக்கு அந்த ஆப்ஷன் தெரியுமா என்று அதன் ஹெல்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும், அதையும் கவனித்திருக்கிறார்கள்.

யூஸ்_எனேபிள் என்ற ஹெல்பர் இன்னும் அழகு. எஸ்எஸ்எல் (மறையாக்கம்) வேண்டும் என்று பயனர் சொல்லியிருந்தால் எனேபிள் என்றும், வேண்டாம் என்றால் டிசேபிள் என்றும் அது கன்ஃபிகருக்கு எடுத்துக் கொடுக்கும். இதில் முக்கியம் அந்த டிசேபிள்தான். அதைச் சொல்லாமல் விட்டால் கன்ஃபிகர் மெஷினைத் துழாவி, எந்த லைப்ரரி கையில் கிடைக்கிறதோ அதோடு சேர்த்துக் கட்டிவிடும். உங்கள் மெஷினில் ஒரு மாதிரி, என் மெஷினில் வேறு மாதிரி. நாளைக்கு அந்த லைப்ரரியை எடுத்தால் புரோகிராம் எழுந்திருக்காது, ஏன் என்று யாருக்கும் புரியாது.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது 2011-இல் எடுத்த ஒரு முடிவு. அதுவரை பெரும்பாலான வரிகளுக்குப் பின்னால் "தோற்றால் டை" என்று கையால் எழுத வேண்டும். டை என்பது எரர் சொல்லிவிட்டு பில்டை நிறுத்தும் ஃபங்ஷன். மனுஷன்தானே, எங்காவது ஒரு வரியில் விட்டுப்போகும். அப்போது இன்ஸ்டால் பாதியில் தோற்றாலும் குறையுள்ள பேக்கேஜ் பயனரின் மெஷினுக்குப் போய்விடும். அந்த ஆண்டு வந்த ஈஏபிஐ 4-லிருந்து (ஈஏபிஐ என்பது ஈபில்ட் விதிகளின் வெர்ஷன் எண்) ஹெல்பர் தோற்றால் அதுவே டை சொல்லிவிடும். தோற்றாலும் பரவாயில்லை என்றால் நீங்கள்தான் நான்ஃபேட்டல் என்று முன்னால் எழுத வேண்டும். பழைய ஈபில்டுகள் உடையக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஈபில்டும் தான் எந்த ஈஏபிஐ என்று மேலேயே சொல்லிவிடுகிறது, புது விதி அந்த எண்ணுக்கு மாறியவர்களுக்கு மட்டும்தான்.

இந்த இடத்தில் "செட் -ஈ போட்டால் போதாதா?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள், கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட்டை நிறுத்தும் ஷெல் ஆப்ஷன் அது. போதாது. செட் -ஈ போட்ட ஸ்கிரிப்ட்டில் ஒரு ஃபங்ஷனை இஃப் கண்டிஷனுக்குள் கூப்பிட்டுப் பாருங்கள், அந்த ஃபங்ஷனுக்குள் எந்த வரி தோற்றாலும் ஷெல் கண்டுகொள்ளாது. லோக்கல் (ஃபங்ஷனுக்குள் மட்டுமான மாறி) என்று எழுதி அதே வரியில் ஒரு கட்டளையின் விடையை மாறியில் வாங்கினால், கட்டளை தோற்றாலும் லோக்கல் ஜெயித்துவிட்டது என்று வரி தேறிவிடும். ஒரு கட்டளையின் விடையை அடுத்ததற்குக் கொடுக்கும் பைப்பில் கடைசியாக இருப்பதன் ஸ்டேட்டஸ்தான் வெளியே வரும், பைப்ஃபெயில் ஆப்ஷனையும் சேர்த்துப் போட்டால்தான் முன்னால் இருப்பது தோற்றது தெரியும். செட் -ஈ வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை மட்டும் நம்பி ஒரு பேக்கேஜை வெளியே அனுப்பாதீர்கள் என்கிறேன். ஸ்கிரிப்ட்டை முடிக்கும் எக்ஸிட்டிலேயே ஒரு சிக்கல் உண்டு: அடைப்புக்குறிக்குள் தனி ஷெல்லாக ஓடும் சப்ஷெல்லில் எக்ஸிட் போட்டால் சப்ஷெல் மட்டும்தான் முடியும், வெளியே இருக்கிற ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும். ஜென்டூ இதையும் விடவில்லை, 2018-இல் வந்த ஈஏபிஐ 7-இல் சப்ஷெல்லுக்குள் டை சொன்னாலும் மொத்த பில்டும் நிற்க வேண்டும் என்று விதியாகவே எழுதிவிட்டார்கள்.

இன்னொரு லினக்ஸான டெபியனில் இதே யோசனை இன்னும் பழையது. ஜோயி ஹெஸ் 1997-இல் ஆரம்பித்த டெப்ஹெல்பர், பெர்ல் மொழியில் எழுதியது. இன்றைக்கு அதன் டிஹெச் கட்டளையை வைத்து மூன்றே வரியில், பேக்கேஜ் கட்டும் விதத்தைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பை முடித்துவிடலாம். நான் அதைத் தினமும் பயன்படுத்துகிறேன், மரியாதையும் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவருக்கு அந்த மூன்று வரியில் எதுவும் தெரியாது. பில்ட் உடைந்தால் எது எந்த வரிசையில் ஓடியது என்று தேட வேண்டியிருக்கிறது. ஈபில்டில் செய்வது என்ன என்பது படித்தாலே தெரிகிறது, செய்கிற விதம் மட்டும் ஹெல்பருக்குள் இருக்கிறது. அந்த அளவுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

படிக்க முடிவது ஏன் முக்கியம் என்பதற்கு 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தைப் பாருங்கள், கோப்புகளைச் சுருக்கும் அந்த மென்பொருளில் ரகசியப் பின்வாசல் நுழைக்கப்பட்டிருந்தது. 5.6.0, 5.6.1 வெர்ஷன்களின் வெளியீட்டு டார் கோப்பில் மட்டும், சோர்ஸ் வரலாறு இருக்கும் கிட்டில் இல்லாத ஒரு எம்4 கோப்பு (கன்ஃபிகரை உருவாக்க உதவுவது). கன்ஃபிகர் ஓடும்போது அது டெஸ்ட் கோப்பு மாதிரி வைத்திருந்த ஒன்றிலிருந்து ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டை உருவி எடுத்து ஓட்டியது. அந்த ஸ்கிரிப்ட், டெபியன் பேக்கேஜோ ஃபெடோரா போன்றவற்றின் ஆர்பிஎம் பேக்கேஜோ கட்டப்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் ஏன் இப்படி மெதுவாக இழுக்கிறது என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் மாட்டியது. ஹெல்பர் இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன், தடுத்திருக்காது. ஆனால் அது ஒளிந்துகொண்ட இடத்தைக் கவனியுங்கள், கன்ஃபிகருக்குள் யாரும் படிக்காத ஆயிரக்கணக்கான வரிக் குப்பைக்குள். நம் கையில் இருக்கிற பேக்கேஜ் ஸ்கிரிப்ட்டையாவது இன்னொருவர் உட்கார்ந்து படித்து முடிக்கிற நீளத்தில் வைத்திருக்கலாமே.

சொந்தமாக பில்ட் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிற அலுவலக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜென்டூவுக்கு மாற வேண்டாம். எல்லா ஸ்கிரிப்ட்டும் முதல் வரியில் சோர்ஸ் செய்யும்படி (தனக்குள் இழுத்துக்கொள்ளும்படி) ஒரு பொதுக் கோப்பு வையுங்கள். அதில் முதலில் டை, எந்தக் கோப்பில் எந்த ஃபங்ஷனில் எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும், பேஷில் அதற்கான மாறிகள் தயாராக இருக்கின்றன. அப்புறம் தோற்றால் டை சொல்லும் ஒரு சிடி, காலிப் பாதையையும் ரூட்டையும் மறுக்கும் ஒரு ஆர்எம், கோப்பை பெர்மிஷனோடு சேர்த்து வைக்கும் ஒரு இன்ஸ்டால். ஷெல் ஸ்கிரிப்ட்டில் தவறு தேடும் ஷெல்செக்கை, மாற்றத்தைக் கமிட் (பதிவு) செய்வதற்கு முன்னால் ஓட்டுங்கள், சரிபார்க்காத சிடியையும் லோக்கல் விழுங்கிய எரரையும் அது வரி எண்ணோடு காட்டிக் கொடுக்கும். இதற்கு மேலும் ஸ்கிரிப்ட்டைப் பைத்தானுக்கு மாற்றியே தீர வேண்டும் என்றால் மாற்றுங்கள். ஆனால் வேறு கட்டளையை ஓட்டும் சப்பிராசஸ் ரன்னில் செக்கை ட்ரூ என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கேயும் கட்டளை தோற்றது தெரியாமல் அடுத்த வரிக்குத்தான் போகும்.