அந்தத் துணி மைக்கலாஞ்சலோ வரைந்தது இல்லை

கட்டுரை நல்லா இருக்கு, ஆனால் ஒரு இடம் இடிக்கிறது. வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்து 'இறுதித் தீர்ப்பு' சுவரோவியத்தில் ஆண்கள் இடுப்பில் துணி சுற்றியிருப்பதை மைக்கலாஞ்சலோவின் அடக்கம் என்கிறீர்கள். அதில் பெரும்பாலான துணி அவர் போட்டதே இல்லைங்க. 1541-ல் அவர் முடித்தபோது புனிதர்கள் பலரும் அம்மணமாகத்தான் இருந்தார்கள். 1564 ஜனவரியில் அதை மறைக்கச் சொல்லித் திருச்சபையில் முடிவானது, அடுத்த மாதமே அவர் இறந்துபோனார், அப்புறம் அவருடைய நண்பர் தானியேலே தா வோல்தெர்ராதான் அந்த வேலையைச் செய்தார். பாவம், 'கால்சட்டைக்காரர்' என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது!

இதில் தொழில்நுட்பம்தான் முக்கியம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் நிறத்தைத் தீட்டினால் அது காயும்போது சுவரோடு சுவராகிவிடும், பிறகு திருத்த முடியாது. அதனால் பெரும்பாலான துணிகளைத் தானியேலே காய்ந்த சுவர்மேல் தீட்டினார். கேத்தரின், பிளேஸ் என்ற இரு புனிதர்கள் விஷயத்தில் மட்டும் பழைய பூச்சையே செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாக வரைந்தார். அங்கே மூல ஓவியம் போனது போனதுதான். 1994-ல் முடிந்த சீரமைப்பில், பிற்காலத்தில் சேர்த்த துணிகள் பலவற்றை நீக்கிவிட்டு தானியேலே வரைந்ததை வைத்துக்கொண்டார்கள். முதலில் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமா, வெனூஸ்தி என்ற ஓவியர் 1549-ல் வரைந்த நகல் நேப்பிள்ஸில் கபோதிமோந்தே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இத்தனை கலாட்டாவிலும், அதே கட்டடத்தின் கூரை ஓவியத்தில் உட்கார்ந்திருக்கும் 20 நிர்வாண இளைஞர்களுக்கு யாரும் துணி போடவில்லை. பைபிள் கதைக்குத் தேவையே இல்லாதவர்கள் அவர்கள்தான்!