முட்டை வேட்டையா, மழை வேட்டையா?

தேதியே ஓரிடத்தில் நிற்காத பண்டிகைக்கு வானிலை மட்டும் அடங்கி நிற்குமா? ஈஸ்டர் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாமாம். 2008-இல் மார்ச் 23, 2011-இல் ஏப்ரல் 24. நிலாவைப் பார்த்து நாள் குறித்தவர்கள் மேகத்தையும் கொஞ்சம் பார்த்திருக்கக் கூடாதா?

காலையில் வெயில் பல்லைக் காட்டும். சரி, பிள்ளைகள் தேடி எடுக்க வேண்டிய ஈஸ்டர் முட்டைகளைத் தோட்டத்திலேயே ஒளிக்கலாம் என்று புதருக்குள்ளும் பூந்தொட்டிக்குப் பின்னாலும் குனிந்து குனிந்து வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், மூக்கின் மேல் முதல் சொட்டு! அப்புறம் என்ன, சாயம் பூசிய முட்டையெல்லாம் புல்லுக்குச் சாயம் பூசும். பிளாஸ்டிக் முட்டையைத் திறந்தால் உள்ளே மிட்டாய் ஊறிய தண்ணீர். மழை வராவிட்டால் மட்டும் நிம்மதியா? வெயில் பட்ட சாக்லேட் முயலுக்குக் காது எது, வால் எது என்றே தெரியாது. சில வருடம் பனியே கொட்டும். வெள்ளைப் பனியில் வெள்ளை முட்டை. தேடுங்கள் கண்ணுகளா, தேடுங்கள்!

புது உடுப்பு முழுக்க மழைக்கோட்டுக்குள். படத்தில் தெரிவது சேறு மட்டும்தான். "வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாமே" என்று நாற்காலியை விட்டு அசையாத பெரியவர் ஒருவர் சொல்வார் பாருங்கள், பற்றிக்கொண்டு வரும்.

வீட்டுக்குள்ளும் வைத்துப் பார்த்தாயிற்று. அன்றைக்குத்தான் வெளியே வெயில் பளிச்சென்று அடித்தது. சோபாவுக்குப் பின்னால் உருண்டு போன அவித்த முட்டை ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. நான்கு நாள் கழித்து எல்லார் மூக்கிலும் பட்டது.