வாக்குக் கொடுத்த பிறகு எதற்கு ஜெபம்?

ஞாயிறு ஆராதனையில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். தெரியாதவர்கள் கேட்க வேண்டாம், பெயர் சொல்ல மாட்டேன். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

நெல் வெட்டு மெசின் வைத்திருக்கும் தம்பி ஒருவர், வியாழன் வருகிறேன் என்று ஒரு அக்காவுக்குச் சொல்லியிருந்தார். காலபோக நெல், இரண்டு ஏக்கர், கணவன் இல்லாத குடும்பம். புதன் இரவு பெரிய வயல்காரர் ஒருவர் அழைத்தார், பன்னிரண்டு ஏக்கர். மெசின் அங்கே போய்விட்டது. வெள்ளிக்கிழமை மழை. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. இதுவரைக்கும்கூட எனக்குப் பெரிய கோபம் இல்லை. தொழில் என்றால் ஆசை வரும், மனிதன் தவறுவான். ஆனால் ஞாயிறு சாட்சி நேரத்தில் தம்பி எழுந்து, "புதன் இரவு ஜெபிச்சனான், கர்த்தர் வேற வயலைக் காட்டினவர்" என்றார். சபை "ஆமென்" என்றது. அக்கா பின்வரிசையில் இருந்தார்.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றால் முடிவும் எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அதே காரியத்துக்காக முழங்காலில் நின்றால், தப்பிப்பதற்குக் கர்த்தரிடம் கையெழுத்துக் கேட்கிறோம் என்றுதான் அர்த்தம். 15ஆம் சங்கீதம் சொல்கிறது: "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்." பன்னிரண்டு ஏக்கர் கூலி போனாலும் என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

ஜெபித்து முடிவெடுப்பதையே குறை சொல்கிறாய் என்பீர்கள். இல்லை. வேதாகமத்தில், ராஜா "என்ன வேண்டும்" என்று கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் நெகேமியா ஜெபித்தார். நானும் அப்படித்தான். நுண்கடனுக்குப் பிணை நிற்கச் சொல்லி ஒரு தோழி கேட்டபோது ஒரு கிழமை ஜெபித்தேன், கணக்கையும் பார்த்தேன். "நீ கட்டாவிட்டால் என்னால் கட்ட ஏலாது" என்று அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னேன். கர்த்தர் தடுத்தார் என்று சொல்லியிருந்தால் அவள் என்னோடு கோபித்திருக்கவே மாட்டாள். இப்போது என்னோடு கதைப்பதில்லை.

பவுலும் பயணத்தை மாற்றினாரே என்று ஒருவர் இன்பொக்ஸில் எழுதியிருக்கிறார். மாற்றினார். மாற்றிவிட்டு, தன்னை வாக்கு மாறுபவன் என்று நினைத்துவிடுவார்களே என்று பதறி, ஏன் வரவில்லை என்று கொரிந்தியருக்கு விளக்கி எழுதினார். இங்கே தம்பி ஒரு போன் கோல் எடுக்கவில்லை. புதன் இரவு சொல்லியிருந்தால் அக்கா வேறு மெசின் தேடியிருப்பார். மெசின் பழுது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் என்ன சொல்வது?

தனியாகப் பேசியிருக்கலாம் என்கிறவர்களுக்கு: திங்கள் மாலை தம்பியிடம் போனேன். "கர்த்தரோட வழக்காடாதேங்கோ அக்கா" என்றார். எழும்பி வந்துவிட்டேன்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று தெரியுமா? 2009இல் விசுவமடுவிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஒவ்வொரு இடத்திலும் ஜெபித்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தோம். பக்கத்துப் பங்கரில் இருந்தவர்களும் ஜெபித்தவர்கள்தான். அவர்கள் வரவில்லை. அதனால் "கர்த்தர் காட்டினார்" என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் இலேசாக வாயில் எடுப்பதில்லை. வயல் கூலிக்கு எடுப்பதா?

அப்புறம் இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, வீடு கட்ட ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய். எங்களோடு இருந்த மாமியைத் தனிக்குடும்பம் என்று எழுதிக் கொடுத்தால் இரண்டு வீடு எடுக்கலாம் என்று ஒருவர் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "ஜெபிச்சுப் பாப்பமே அம்மா" என்று நான்தான் கேட்டேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னா: "இதுக்கு என்னத்துக்கு ஜெபம் பிள்ளை? பொய் எண்டு எனக்கு ஏற்கெனவே தெரியும்." ஒரு வீடுதான் கிடைத்தது. அதில் ஏழு பேர் படுத்தோம்.

மற்றவர்களைக் குற்றவாளி என்று தீர்க்காதே என்று கீழே யாராவது எழுதுவீர்கள், எழுதுங்கள். அந்த "ஆமென்" சொன்னவர்களில் ஒருவராவது அக்கா வீட்டுக்குப் போனீர்களா?

தம்பி, நீ இதை வாசிப்பாய் என்று தெரியும். உன்னை ஞாயிறு பாடசாலையில் படிப்பித்தவள் நான். முளைவிட்டது போக மிஞ்சிய நெல் அக்காவின் முற்றத்தில் படங்கில் காய்கிறது. நாலு மூடைகூடத் தேறாது. இருட்ட முதல் ஒருக்கால் போய்ப் பார்.