பக்கம் வைத்திருப்பது பதில் சொல்வதாகாது

கடந்த வாரம் நடந்ததைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் மனம் ஆறவில்லை. திருகோணமலையில் ஓர் அலுவலகம் தன் முகநூல் பக்கத்தில் இட்ட, வடிகான் திறப்பு விழாவின் 34 புகைப்படங்களையும் ட்ரோன் காணொளியையும் நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவற்றின் கீழே ஒரு தாய் இட்ட கருத்து காணாமற்போனதையும் பார்த்தீர்கள். "மற்றப் பக்கத்துக்கு எப்ப மூடி போடுவீங்க? என்ட மகன் போன மாதம் அதுக்குள்ள விழுந்திட்டான்" என்பது மட்டுமே அவர் கேட்டது. அதில் வசையும் இல்லை, அரசியலும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் அது நீக்கப்பட்டது.

செய்தியாளன் என்ற முறையில் அந்த அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, மூடி போடும் திட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். "சேர், எல்லாம் எங்கட பேஜ்ல இருக்கு, அதைப் பார்த்து எழுதுங்கோ" என்றார் பொறுப்பான தம்பி. பக்கத்தில் இல்லாததைத்தானே நான் கேட்டேன்? பக்கம் வைத்திருப்பது பதில் சொல்வதாகாது.

இப்படிப் பக்கம் நடத்தும் மக்கள் தொடர்புத் தொழிலை நான் இழிவாக நினைப்பவன் அல்லன். 1906 ஒக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் நேர்ந்த ரயில் விபத்தில் 50 பேருக்கு மேல் இறந்தபோது, ரயில் கம்பனிக்காக வேலை செய்த ஐவி லீ விபரங்களை எழுதிக் கொடுத்ததோடு செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துச் சென்றார். முதல் ஊடக அறிக்கை என்று பலரும் சொல்வது அதைத்தான். வந்து பாருங்கள், கேளுங்கள் என்று தொடங்கிய தொழில் அது. அந்த அறிக்கையும் ஒரு பத்திரிகை ஆசிரியரின் மேசையைக் கடந்துதான் வாசகனிடம் போனது. இன்று அலுவலகமே பத்திரிகை, அலுவலகமே ஆசிரியர். வாசகர் கடிதத்தைக் கிழித்துப் போடுவதும் அதே கைதான்.

"வேலை போகிறதே என்ற எரிச்சலில் எழுதுகிறீர்கள்" என்று சிலர் சொல்வீர்கள். திருமலையிலிருந்து பிலிம் சுருளைக் கடித உறையில் போட்டு ஒட்டி, இரவு பஸ் நடத்துநரின் கையில் கொடுத்து, கொழும்பில் யாராவது வந்து வாங்குவார்களா என்று விடியும்வரை விழித்திருந்தவன் நான். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஒருநாளும் நான் ஆசைப்பட்டதில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்த காலையில், நாங்கள் அங்கே போய்ச் சேருமுன்பே ஊர்மக்களின் கைபேசிகள் அந்தத் துயரத்தை நாடெங்கும் கொண்டுபோய்விட்டன. பாலம் கட்டி முடியும்வரை பிள்ளைகளை எதை நம்பி அனுப்பினீர்கள் என்று முதலில் கேட்டவர்களும் அவர்கள்தாம். அந்தச் சக்தியை நான் வணங்குகிறேன். அதே சக்தி ஒரு தாயின் கையில் இருந்தபோது அதைப் பிடுங்கியதுதான் என் கோபம்.

கருத்துப் பகுதியில் கெட்ட வார்த்தை எழுதுகிறார்களே என்பார்கள். எழுதினால் நீக்குங்கள். அந்தத் தாய் எழுதியதில் எந்த வார்த்தை கெட்ட வார்த்தை?

என்னை உண்மையில் நோகடித்தது வேறு. மறுநாள் அதே பக்கத்தில், "பேனாவோடு அலையும் பழைய ஆட்கள்" நல்ல வேலையைக் குழப்புகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். இதைத் திருமலையில் இருந்துகொண்டு எழுத எப்படி மனம் வந்தது? 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த ஊர்க் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் அரச தரப்பு சொன்னது. அவர்களின் உடலில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்று உலகத்துக்குக் காட்டியவை 'சுடர் ஒளி' பத்திரிகைச் செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி அவரும் இந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது முகநூல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படக்கூட இல்லை. வடிகானையும் அதையும் ஒன்றாக்காதீர்கள் என்று சொல்லப் போகிறீர்கள். ஒன்று என்று நான் சொல்லவில்லை. தரப்பட்ட அறிக்கையை அப்படியே எடுத்து எழுதியிருந்தால் சுகிர்தராஜன் இன்று உயிரோடு இருந்திருப்பார். "பேஜைப் பார்த்து எழுதுங்கோ" என்ற சொல் என் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நேற்று மாலை அந்த ஒழுங்கைக்குப் போனேன். ட்ரோன் காட்டாத பக்கத்தில், வீட்டு வாசலுக்கு நேரே, பழைய கதவுப் பலகை ஒன்றை வடிகானுக்குக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். கீல்கூட இன்னும் கழற்றப்படவில்லை. மகனின் முழங்காலில் காயம் கறுத்துக் காய்ந்திருந்தது. "சேர், நான் ஏதும் பிழையாக் கேட்டுட்டனா?" என்று அந்தத் தாய் என்னிடம் கேட்டார்.

அவருடைய கேள்வியை, ஒரு சொல்லும் மாற்றாமல், இன்று காலை அந்தப் பக்கத்தின் புதிய பதிவின் கீழே என் பெயரில் இட்டிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை அது அங்கே இருக்கிறது.