முதல் விசிலுக்கு முன்னால் எழுதிவிடுகிறேன்

வெள்ளிக்கிழமை லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் போர்ன்மத்தும் மோதுகின்றன. அத்துடன் இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் 2025-26 சீசன் தொடங்கிவிடும். அதற்குள் என் கணிப்புகளை எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் எழுதுகிறேன். முதலில் நோட்டில், அப்புறம் இங்கே. ஆனால் கணிப்புக்குப் போகும் முன் ஒரு பழைய டிவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது இல்லையென்றால் இந்தப் பழக்கமே எனக்கு வந்திருக்காது.

கறுப்பு வெள்ளை டிவி. சேனல் மாற்றும் திருகு எப்போதோ உடைந்துவிட்டது. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் காம்பைக் குறடால் பிடித்துத்தான் திருப்புவோம். அந்தக் குறடு டிவியின் தலைமேலேயே இருக்கும். ஆன் செய்ததும் படம் வராது. முதலில் குரல் வரும். பிறகுதான் திரையின் நடுவே வெளிச்சம் பரவி, மெல்ல மெல்ல முகங்களாக மாறும். அணைத்தால் படம் சுருங்கி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளி மறையும் வரை நானும் அக்காவும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்போம். யார் பார்வைக்குக் கடைசி வரை தெரிகிறது என்று எங்களுக்குள் போட்டி.

1990 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தை அதில்தான் பார்த்தேன். ஜூன் 8, மிலான் நகரம், அர்ஜென்டினாவும் கேமரூனும். அப்பா ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து, "முதல்ல எழுது, அப்புறம் பாரு" என்றார். நான் அர்ஜென்டினா 3-0 என்று எழுதினேன். நடப்புச் சாம்பியன், மாரடோனா வேறு ஆடுகிறார், வேறெதை எழுதுவது? அப்பா 1-1 என்று எழுதினார். கால்பந்தில் துளியும் ஆர்வமில்லாத அக்கா, "புதுசா தெரியற டீம் எது? கேமரூனா? அப்போ அதுதான்" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

கேமரூனின் பச்சைச் சட்டை எங்கள் திரையில் அடர்ந்த சாம்பல் நிறம். அர்ஜென்டினாவின் நீலக் கோடுகள் வெளிர் சாம்பல். இரண்டாம் பாதியில் கானா-பியிக்குக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேராகிவிட்ட கேமரூனுக்குச் சில நிமிடங்களிலேயே அவருடைய தம்பி ஒமாம்-பியிக் தலையால் முட்டிக் கோல் போட்டார். எம்பி நின்ற உயரத்தை இன்றைக்கும் நம்ப முடியவில்லை. பந்து கோல்கீப்பரின் கையில் பட்டு நழுவி உள்ளே உருண்டது. அந்த நேரம் பார்த்து திரையில் படம் மேலும் கீழுமாக ஓடத் தொடங்கியது. அப்பா மாடிக்கு ஓடி ஆன்டெனாவைத் திருப்ப, நான் கீழே நின்று "வருது, வருது, போச்சு, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் கேமரூன் ஒன்பது பேரோடு ஆடி 1-0 என்று வென்றது. காலையில் அக்காவை எழுப்பிச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து இங்கிலாந்தும் அயர்லாந்தும் ஆடின. இரண்டு அணிகளிலும் லிவர்பூல் வீரர்கள் இருந்தார்கள். ஒரே ஊர் கிளப்பின் ஆட்கள் இரண்டு நாடுகளுக்காக எதிரெதிரே நிற்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அந்தப் பெயர் அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டது. லிவர்பூல் அந்த ஆண்டுதான் லீக் சாம்பியன் பட்டத்தை வென்றிருந்தது என்பதும், அடுத்த பட்டத்துக்கு முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

தெரியாமல் இருந்தது. பழைய டிவியை நினைத்தாலே மனதில் வந்து நிற்பது இதுதான். ஆட்டம் எங்கோ நடந்து முடிந்திருக்கும். நமக்குத் தெரியாது. ஹைலைட்ஸ் வரும் நேரம் வரை யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல், செய்தி வாசிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு, அந்தத் தெரியாமையைக் கட்டிக் காப்போம். 1973-இல் பிபிசியில் வந்த ஒரு நகைச்சுவைத் தொடரில் இதையே ஒரு முழு அத்தியாயமாக எடுத்திருக்கிறார்கள். இரவு ஹைலைட்ஸ் பார்க்கும் வரை இங்கிலாந்து ஆட்டத்தின் முடிவு காதில் விழக்கூடாது என்று இரண்டு நண்பர்கள் நாள் முழுக்க ஓடி ஒளிவார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குள் யாரோ கேமரா வைத்துவிட்டார்கள் என்று தோன்றியது.

பிபிசியின் ஹைலைட்ஸ் நிகழ்ச்சியான 'மேட்ச் ஆஃப் தி டே' 1964 ஆகஸ்ட் 22 அன்று முதன்முதலாக ஒளிபரப்பானது. ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 3, ஆர்சனல் 2. அன்று டிவியில் பார்த்தவர்கள் சுமார் 20,000 பேர்தான். நேரில் வந்தவர்களில் பாதிகூட இல்லை. பிபிசி 2 அப்போது லண்டன் பக்கம் மட்டுமே தெரிந்தது என்பதால், லிவர்பூல்காரர்கள் தங்கள் ஆட்டத்தையே டிவியில் பார்க்க முடியவில்லை. இங்கிலாந்தில் லீக் ஆட்டங்கள் தொடர்ந்து நேரடியாக ஒளிபரப்பாகத் தொடங்கியது 1983-இல்தான். அதுவரை ரசிகர்கள் பெரும்பாலும் முடிந்துபோன ஆட்டங்களைத்தான் நெஞ்சு படபடக்கப் பார்த்தார்கள்.

இன்னொன்று, நாம் கால்பந்து என்று சொன்னதும் மனதில் வரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பந்தே டிவி கொடுத்த பந்துதான். 1970 உலகக் கோப்பைக்கு அடிடாஸ் செய்த டெல்ஸ்டார் அது. இருபது வெள்ளை அறுகோணங்கள், பன்னிரண்டு கறுப்பு ஐங்கோணங்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் பந்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி வடிவமைத்தார்கள். குழந்தைகள் இன்றும் கால்பந்து வரையச் சொன்னால் அதைத்தான் வரைகிறார்கள்.

சரி, கணிப்புக்கு வருகிறேன். ஆகஸ்டில் கணிப்பது வீண் வேலை என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கான முறை சீசனை ஓட்டிப் பார்த்து சதவீதம் சொல்லிவிடுகிறதே, நீ எதற்கு என்கிறார்கள். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. சதவீதம் சொல்வது கணிப்பு ஆகாது. கணிப்பு என்றால் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் உங்கள் பெயரைப் போட வேண்டும். மே மாதம் வரை அதை அழிக்கக்கூடாது.

1995 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோற்றது. அன்று இரவு மேட்ச் ஆஃப் தி டேயில், சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்றார் விமர்சகர் ஆலன் ஹான்சன். அந்தச் சின்னப் பையன்கள் பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள். அந்த சீசனில் லீக்கும் அவர்களுக்கே, எஃப்ஏ கோப்பையும் அவர்களுக்கே. எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்றது எங்கள் லிவர்பூல். முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு வாக்கியத்தைக் காட்டி ஹான்சனைச் சீண்டுகிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியிருக்கிறது. கண்ணால் பார்த்ததை, முடிவு தெரியாத நேரத்தில், எல்லோர் முன்னாலும் தெளிவாகச் சொன்னார். முடிவு தெரிந்த பிறகு விளக்கம் சொல்ல யாருக்கும் வரும்.

1989 மே 26 ஆட்டத்தின் பதிவையும் வெகு காலம் கழித்துத்தான் பார்த்தேன். சீசனின் கடைசி ஆட்டம், ஆன்ஃபீல்டிலேயே, லிவர்பூலுக்கு எதிராக. ஆர்சனல் இரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால்தான் கோப்பை. கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் தனியாக உள்ளே நுழைந்து இரண்டாவது கோலைப் போடுகிறார். புள்ளிகள் சமம், கோல் வித்தியாசம் சமம், அதிக கோல் அடித்த கணக்கில் கோப்பை ஆர்சனலுக்கு. முடிவு தெரிந்துதான் பார்த்தேன். ஆனாலும் தாமஸ் பந்தோடு ஓடும்போது "யாராவது தடுங்களேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஒரு லிவர்பூல் ரசிகனாக இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்த சீசன் சாம்பியன் ஆர்சனல்.

போன சீசனில் லிவர்பூல் 84 புள்ளி, ஆர்சனல் 74. பத்துப் புள்ளி பெரிய இடைவெளிதான். ஆனால் ஆர்சனல் மூன்று சீசனாகத் தொடர்ந்து இரண்டாவது இடம். அவர்களின் பின்வரிசை லீக்கிலேயே இறுக்கமானது. இல்லாதது ஒரு முழுமையான ஸ்ட்ரைக்கர்தான். போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்காகப் போன லீக் சீசனில் 39 கோல் அடித்த யோகரஷ் இப்போது வந்துவிட்டார். நடுக்களத்துக்கு சுபிமெண்டி. பின்வரிசையில் சாலிபாவும் கேப்ரியலும் காயமில்லாமல் ஆடினால் போதும்.

லிவர்பூல் இரண்டாவது. விர்ட்ஸ், எக்கிடிகே என்று முன்வரிசையில் அழகான ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஆனால் டிரென்ட் போய்விட்டார், லூயிஸ் டியாஸ் போய்விட்டார், இரண்டு ஓரங்களிலும் தடுத்தாடும் ஃபுல் பேக்குகள் புதியவர்கள். சீசனுக்கு முன் நடக்கும் கம்யூனிட்டி ஷீல்ட் ஆட்டத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராகப் பின்னால் விட்ட இடைவெளிகளைப் பார்த்தபோதே எனக்கு உறுத்தியது. எல்லாவற்றுக்கும் மேலே, ஜூலையில் எங்கள் முன்கள வீரர் ஜோட்டா விபத்தில் இறந்துபோனார். அந்த உடை மாற்றும் அறைக்குள் அவர் இருக்கை காலியாக இருக்கும்போது வீரர்களிடம் புள்ளிக்கணக்கு கேட்க எனக்கு மனம் வரவில்லை. இந்த சீசன் அவர்கள் எப்படி ஆடினாலும் நான் கூடவே இருப்பேன்.

மூன்றாவது மான்செஸ்டர் சிட்டி. ரோட்ரி முழு உடல்நலத்தோடு திரும்பினால் இன்னும் மேலே போகலாம். நான்காவது செல்சி. கிளப் உலகக் கோப்பையை ஜூலை 13-இல்தான் வென்றார்கள், ஓய்வு போதாது, அது ஜனவரியில் தெரியும். யுனைடெட் ஆறாவது. ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லாமல் வாரம் முழுக்கப் பயிற்சி எடுக்கும் அணி பதினைந்தாவது இடத்தில் மறுபடி முடியாது. டாட்டன்ஹாம் ஒன்பது. அதிக கோல் அடிக்கப்போவது சிட்டியின் ஹாலண்ட், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசி மூன்று இடங்களில் முடித்து இரண்டாம் நிலை லீக்குக்குக் கீழே போகும் அணிகள்: பர்ன்லி, லீட்ஸ், வுல்வ்ஸ். பர்ன்லி போன சீசனில் இரண்டாம் நிலை லீக்கில் 46 ஆட்டத்தில் 16 கோல்தான் விட்டது. அசாத்தியமான தடுப்பாட்டம், ஆனால் இங்கே கோல் அடிக்க ஆள் வேண்டும். வுல்வ்ஸுக்கு முன்கள வீரர் குன்யா இல்லாத குறை அப்படியே தெரியும்.

சண்டர்லாந்து தப்பித்துவிடும் என்று எழுதியிருக்கிறேன். கடந்த இரண்டு சீசனிலும் மேலே வந்த மூன்று அணிகளுமே உடனே திரும்பிப் போய்விட்டன. அதனால் இதை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். எட்டு ஆண்டுகள் கழித்து வருகிறார்கள், ஷாகா போல ஒரு அனுபவசாலியை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள், அவர்களின் மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட்டில் அந்தக் கூட்டத்தின் முன்னால் ஆடுவது எதிரணிக்குச் சுலபமில்லை. பதினைந்தாவது இடம்.

நோட்டில் அப்பாவும் எழுதிவிட்டார். அவருக்கு லிவர்பூல்தான். "வெள்ளிக்கிழமை லைவா, ஹைலைட்ஸா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். நேற்று ராத்திரி அக்காவிடம் போனில் கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அவள் ஒரு லீக் ஆட்டம்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

"இந்த வருஷம் புதுசா வந்திருக்கிற டீம் எது?"

மூன்று பெயரையும் சொன்னேன்.

"சண்டர்லாந்து. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் அவள் பெயரும் இருக்கிறது.