ஃப்ளூ மூளையைத் தொடாது என்பது தவறு

"ஃப்ளூ காய்ச்சல் நுரையீரலோடு சரி, மூளைக்குப் போகாது, குழந்தை பிதற்றினால் ஆஸ்பிரின் கொடுத்துத் தூங்க வையுங்கள்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. எல்லாமே தவறு, ஆஸ்பிரின் யோசனை ஆபத்தும்கூட. வைரஸ் மூளைக்குள் நுழையாமலேயே, அதை எதிர்க்க உடல் கிளப்பும் அழற்சி அளவு மீறிப் போய் மூளையை வீங்க வைக்கலாம். மூளையையும் சூழ்ந்திருக்கும் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் பல சமயம் வைரஸ் அகப்படுவதே இல்லை. இப்படி மூளை வீங்குவது அரிதுதான், ஆனால் காய்ச்சல் வந்த ஓரிரு நாளிலேயே முற்றிவிடும். ஆஸ்பிரினோ, ரே நோய்க்குறி வரும் ஆபத்தைக் கூட்டும், அது மூளையையும் கல்லீரலையும் தாக்கும். அமெரிக்காவில் 1980இல் மட்டும் 555 பேருக்கு வந்தது. பெற்றோரை எச்சரித்த அப்புறம், 1990களின் நடுவில் ஆண்டுக்கு ஓரிருவர்தான். வலிப்போ, பிதற்றலோ, எழுப்பியும் விழிக்காத மயக்கமோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.