சேனைக்காரரை மட்டும் குற்றம் சொல்வது சரியா?
இலங்கையின் கிழக்கில் காடு அழிவதற்கு, காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைப் பயிர்ச்செய்கையே முதன்மைக் காரணம் என்று இந்தக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை, அம்பாறை மாவட்டத்தின் வரலாற்றை அறிந்தவர்கள் அப்படியே ஏற்பது கடினம். 1949 இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசன, குடியேற்றத் திட்டத்துக்காக, நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் கல்லோயா ஆற்றை இங்கினியாகலையில் மறித்தபோது நீருக்குள் மூழ்கிய காடும், அணைக்குக் கீழே வயலுக்கும் கரும்புக்கும் குடியேற்றத்துக்குமென இயந்திரங்கள் வெட்டித் தள்ளிய காடும், கத்தியும் நெருப்பும் மட்டுமே கையிலிருந்த சேனைக்காரரின் கணக்கில் சேர்க்கக்கூடியவை அல்ல. அவர் இரண்டொரு போகம் சோளமும் குரக்கனும் எடுத்துவிட்டு நிலத்தைச் சும்மா விட்டுப் போவார். முதலில் பற்றையும் பிறகு மரமும் அங்கே மீண்டும் எழும். (அந்த இடைவெளி இப்போது மிகவும் சுருங்கிவிட்டது என்பதை நானும் மறுக்கவில்லை.) இதே கட்டுரைக்கு எனக்கு மேலே கருத்திட்ட அன்பர், யானைகள் ஊர் உணவுக்குப் பழகிவிட்டதால்தான் ஊருக்குள் வருகின்றன என்கிறார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எங்கள் வீட்டுக்கு யானை வந்தது, பெரும்போக அறுவடை முடிந்த ஒரு மாசி மாத இரவில். அறைச் சுவரை இடித்து, நெல் மூட்டைகளில் இரண்டை முற்றத்துக்கு இழுத்துக் கிழித்துத் தின்றதே தவிர, பக்கத்தில் நின்ற வாழைகளைத் தொடவே இல்லை. பழக்கம் என்று இதைச் சொல்லலாம், ஆனால் அது வந்த வழி, என் தந்தையார் சிறுவயதில் விறகு பொறுக்கிய காடு. இன்று அங்கே வரம்பும் வாய்க்காலும் மின்வேலியும்தான் இருக்கின்றன.